சுமக்கக் கற்ற வைரஸ்கள்

கிழக்குக் கடற்கரையில் 1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது பழவேற்காடு ஏரியின் விளிம்பும் தப்பவில்லை. ஆந்திரத்தின் நெல்லூர்ப் பக்கம் தொடங்கித் தமிழகக் கரை வரை வயலும் உவர்நிலமும் குளங்களாக வெட்டப்பட்டன. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் சுத்து வலை கட்டுவது என்று பாடு முறையில் வரிசை வைத்துப் பிழைத்துவந்த ஏரி மீனவர்களுக்கு, அந்தக் குளங்களிலிருந்து வரும் கழிவுநீர் பெரும் கவலை. 1994-95இல் குளங்களுக்குள்ளேயே சாவு வந்தது. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த இறால் திடீரென்று தீனியைத் தொடாது. கரையோரமாக வந்து ஒதுங்கும். தலையோட்டை உரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதன்பின் மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் குளம் காலி. இறால் வளர்க்கும் நாடுகளையெல்லாம் நடுங்கவைத்த வெள்ளைப்புள்ளி வைரஸ் அது. 1996 டிசம்பர் 11 அன்று, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. சுற்றுச்சூழலையும் மீனவர் பிழைப்பையும் முன்வைத்து வந்த தீர்ப்பு அது. வைரஸ் எந்தத் தீர்ப்புக்கும் கட்டுப்படவில்லை. கடற்கரைப் பண்ணைகளில் இன்றும் இருக்கிறது.

அந்த வைரஸை அடக்குவதற்கான ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. ஆற்காட்டை அடுத்த மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் ஏ. எஸ். சாகுல் ஹமீதின் குழு பல ஆண்டுகள் இதில் உழைத்தது. இறாலுக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள் உருவாக்கும் திறன் கிடையாது. ஆனால் வைரஸின் மேலுறைப் புரதமான விபி28இன் ஜீனுக்கு நிகரான இரட்டை இழை ஆர்என்ஏவை உடலுக்குள் செலுத்தினால், இறாலின் செல்களே அதை அடையாளமாகக் கொண்டு வைரஸின் ஆர்என்ஏ செய்தியை வெட்டி எறிகின்றன. ஊசியில் செலுத்தினால் இறால் பிழைக்கிறது. ஆனால் ஒரு ஹெக்டேர் குளத்தில் லட்சத்தைத் தொடும் இறால்களுக்கு ஒவ்வொன்றாக யார் ஊசி போடுவது? அந்தக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. இரட்டை இழை ஆர்என்ஏவை பாக்டீரியாவுக்குள் உற்பத்தி செய்து, அந்த பாக்டீரியாவைத் தீனியில் பூசிக் கொடுத்தார்கள். கிருமியை ஊட்டிய பிறகும் கணிசமான பங்கு இறால்கள் பிழைத்தன. அதே சரக்கைச் சிட்டோசான் என்ற வேறு பொருளில் பொதிந்து கொடுத்தபோது பலன் குறைந்தது. மருந்து ஒன்றுதான், கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி மாறியபோது உயிர்களின் எண்ணிக்கையும் மாறியது.

மனிதர்களுக்கான ஜீன் சிகிச்சையின் வரலாறும் இந்தச் சிக்கலைச் சுற்றியே நடக்கிறது. எந்த ஜீன் பழுது, எந்த ஜீன் வேண்டும் என்பது பல நோய்களில் நெடுநாளாகத் தெரியும். அதைச் சரியான செல்லுக்குள் சேர்க்கத்தான் வழியில்லை. செல்லுக்குள் நுழைந்து சரக்கை இறக்க நன்கு தெரிந்த தோணி இயற்கையில் வைரஸ்தான். அதன் கேடு விளைக்கும் ஜீன்களை இறக்கிவிட்டு நமக்கு வேண்டிய ஜீனை ஏற்றினால் அதுதான் வெக்டர். வெக்டரை மேம்படுத்துவது என்றால் எங்கும் எவருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த வைரஸை நோக்கி ஏணியில் ஏறுவது என்ற எண்ணம் அறிவியல் எழுத்தில் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது என் வாதம். நல்ல வெக்டர் என்று ஒன்று தனியாக இல்லை. எந்த ஊர் உடலுக்கு, எந்த வெயிலில், எந்த மருத்துவமனைத் திறனோடு என்று கேட்ட பிறகே வெக்டர் நல்லதாகிறது. சென்னை முதல் வேலூர் வரை இரண்டு நூற்றாண்டுகளாகக் கிடைக்கும் சான்று இதைத்தான் சொல்கிறது.

அம்மை குத்தும் காலத்திலிருந்து தொடங்குவது நியாயம். பெரியம்மையைத் தடுக்க ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802 ஜூன் 14 அன்று மும்பையில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு முதலில் குத்தப்பட்டு, சில மாதங்களில் சென்னைக்கு வந்தது. நூலில் நனைத்தோ கண்ணாடித் தகடுகளுக்கிடையிலோ வைத்து அனுப்பினால் வழியிலேயே வெயிலில் செத்துப்போகும். ஆகவே ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த குழந்தைக்கு என்று கையிலிருந்து கைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையின் கைப்புண்ணை அயலார் பிள்ளைக்கு ஏற்றுவதை மக்கள் விரும்பவில்லை. வேறு நோய் தொற்றும் என்ற அச்சத்துக்கும் காரணம் இருந்தது. சென்னை அதிகாரி எல்லிஸ், அம்மைப்பால் நம் தெய்வங்களே தந்தது என்று தோன்றும்படி தமிழில் ஒரு கதையே எழுதிப்பார்த்தார். மக்களை ஏற்கவைப்பது கதையால் ஆகும் என்று நம்பியவர் அவர். சென்னை மாகாணம் முழுவதற்கும் முட்டுக்கட்டையாக இருந்தது வெயில்தான். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங் 1890களில் அம்மைப்பாலை லானோலின் என்ற ஆட்டுரோமக் கொழுப்பில் குழைத்துப் பசையாக்கினார். வைரஸ் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த பொருள்தான் மாறியது. கொழுப்புக்குள் அது வெப்பத்தை அதிக நாள் தாங்கியது. அவர் பெயரால் 1905இல் திறந்த கிண்டி கிங் நிலையம் மாகாணத்துக்கே அம்மைப்பால் தந்தது; பின்னாளில் உறைய வைத்து உலர்த்திய தடுப்பூசியையும் அங்கே தயாரித்தார்கள். கடைசி அம்மை ஒழிந்தது அந்த உலர்ந்த தூளால்தான்; கண்ணாடித் தகட்டில் அனுப்பிய பாலால் அது முடிந்திருக்காது.

தடுப்பூசி வேறு, வெக்டர் வேறு என்று ஒருவர் மறுக்கலாம். அம்மைப்பாலில் சரக்கும் தோணியும் ஒன்றே என்பது உண்மைதான். ஆனால் 1982இல் அமெரிக்காவில் பெர்னார்ட் மாஸ் குழுவும் என்சோ பாவொலெட்டி குழுவும் அம்மைத் தடுப்பூசியின் வாக்சினியா வைரஸுக்குள்ளேயே வேறு நோயின் ஜீனைப் பொருத்திக் காட்டியபோது இரண்டும் பிரிந்தன. அப்படிச் செய்ய மிகவும் பொருத்தமான வடிவத்தை ஜெர்மனியில் ஆன்டன் மயர் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். வாக்சினியாவைக் கோழிக்கருச் செல்களில் 570 தடவைக்கும் மேல் மாற்றி மாற்றி வளர்த்ததில் அது தன் ஜீன் தொகுப்பில் ஏறக்குறைய 15 சதவீதத்தை இழந்து, மனிதச் செல்லில் பெருகும் திறனையே தொலைத்திருந்தது. எம்விஏ என்ற அந்த நலிந்த வைரஸில் இந்தியாவில் பரவும் எச்ஐவியின் ஜீன்களை ஏற்றிய தடுப்பூசியைத்தான் 2006இல் சென்னை சேத்துப்பட்டின் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் மனிதர்களிடம் முதற்கட்டமாகச் சோதித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு புனேயில் சோதித்த எச்ஐவி தடுப்பூசிக்குத் தோணியாக இருந்தது ஏஏவி எனப்படும் சிறிய வைரஸ். இரண்டு தடுப்பூசிகளும் பயனுக்கு வரவில்லை. ஆனாலும் இந்திய உடல்களில் வைரஸ் வெக்டர்களைச் சோதிக்கும் மருத்துவத் திறன் அந்த ஆண்டுகளில்தான் இங்கே வேர்பிடித்தது என்று நினைக்கிறேன். அம்மை குத்திக்கொண்ட தலைமுறையிடம் வாக்சினியாவுக்கு எதிரான நினைவு ஏற்கெனவே இருக்கும் என்பதும், அந்த நினைவு புதிய சரக்கை இறங்கவிடாமல் தடுக்கலாம் என்பதும் அப்போது திரும்பத் திரும்பப் பேசப்பட்ட விஷயங்கள்.

கோவிட் காலத்தில் இந்த அறிவு பெரிய அளவில் பயன்பட்டது. ஆக்ஸ்போர்டு உருவாக்கிப் புனே சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டில் இருந்தது சிம்பன்சிகளைத் தொற்றும் அடினோவைரஸ். மனித அடினோவைரஸ்களோடு நமக்குச் சிறுவயது முதலே பழக்கம் உண்டு. சிம்பன்சி வைரஸோடு இல்லை. பழக்கமில்லாத தோணியை உடல் கரையிலேயே திருப்பி அனுப்பாது என்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைவிட முக்கியமானது, 2 முதல் 8 டிகிரி வரையிலான சாதாரணக் குளிர்பெட்டியில் அது தாங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போலியோ மருந்து இருக்கும் பெட்டியே போதும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் அறிவியலில் அதைவிட நேர்த்தியானவை என்று ஒருவர் சொல்லலாம். கொரோனாவைத் தடுப்பதில் அவற்றின் பலன் கூடுதலாகவும் இருந்தது. ஆனால் அவற்றுக்குத் தேவைப்பட்ட உறைகுளிரைப் பழவேற்காடு முகத்துவாரத்துக்கு அப்பால் இருக்கும் குப்பம் வரை யாரும் கொண்டுபோயிருக்க முடியாது. கிங்கின் லானோலின் பசைக்கும் கோவிஷீல்டின் குளிர்பெட்டிக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இடைவெளி. தீர்க்கப்பட்ட சிக்கல் ஒன்றே.

ரத்தம் உறையாமை என்ற ஹீமோபிலியா நோயில் இந்த வாதம் கடுமையான பரிசோதனையைச் சந்திக்கிறது. இந்நோயின் ஏ வகையில் பழுதாகும் எட்டாம் உறைதல் காரணியின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்களுக்கே வருகிறது. ஏறக்குறைய 5000 ஆண் பிறப்புகளில் ஒன்று. கடுமையான வகையில் காரணி இயல்பளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கும். வெட்டுக்காயத்தைவிட மூட்டுக்குள் தானாகக் கசியும் ரத்தம்தான் அவர்களை முடமாக்குகிறது. முழங்கால் வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும். முப்பது வயதில் மூட்டு இறுகிவிடும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கழி ஊன்றி வலை கட்டுவதும், சேற்றில் கை துழாவி இறால் பிடிப்பதும் தொழிலாக இருக்கும் ஏரிக்கரையில் இந்த நோய் ஒருவனின் பிழைப்பையே எடுத்துவிடும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறைதல் காரணி இலவசமாகக் கிடைப்பது பெரிய காரியம். ஆனால் கசிவு தொடங்கிய சில மணி நேரத்தில் ஊசி ஏற வேண்டும். படகு ஏறி, பஸ் பிடித்து, பொன்னேரி தாண்டிப் போவதற்குள் மூட்டு நிறைந்துவிடும்.

இந்த நோயாளிகளின் வரலாற்றில் எச்ஐவிக்கு ஒரு கொடிய இடம் உண்டு. 1980களில் ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தைக் கலந்து பிரித்தெடுத்த எட்டாம் காரணி வழியாகவே உலகெங்கும் பல்லாயிரம் ஹீமோபிலியா நோயாளிகளுக்கு எச்ஐவி தொற்றியது. அமெரிக்காவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரிந்தது 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. அங்கே சோதித்தபோது ஆறு மாதிரிகளில் வைரஸ் இருப்பது தெரிந்தது. அதே 1986இல்தான் அந்த வேலூர் மருத்துவமனை எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையையும் தொடங்கியது. வைரஸை அறியும் கூடமும் மஜ்ஜையைக் கையாளும் கூடமும் ஒரே வளாகத்தில் சேர்ந்தது பின்னர் நடந்ததற்கு அடித்தளம்.

ஹீமோபிலியாவுக்கான ஜீன் சிகிச்சையில் மேற்கு நாடுகள் போன வழி ஏஏவி. 1965இல் அடினோவைரஸ் மாதிரிகளில் கலப்பாகத் தென்பட்ட சிறு வைரஸ் அது. நோய் எதுவும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. 1983இல் அதன் முழு ஜீன் வரிசையை வெளியிட்டவர்களில் முதல் பெயர் அருண் ஸ்ரீவஸ்தவா. பின்னர் ஃபுளோரிடாவில் அவரது குழு ஒரு நுட்பமான தடையைக் கண்டுபிடித்தது. செல்லுக்குள் நுழையும் ஏஏவியின் மேலுறையில் வெளித்தெரியும் டைரோசின் அமினோ அமிலங்களில் செல் பாஸ்பேட்டைப் பொருத்தி, குப்பை என்று முத்திரை குத்தி, உடைத்துவிடுகிறது. அந்த டைரோசின்களை ஃபினைல்அலனினாக மாற்றியபோது முத்திரைக்கு இடமில்லாமல் போய், குறைந்த அளவு வெக்டரிலேயே ஜீன் செல்லின் உட்கருவை அடைந்தது. 2008இல் வந்த இந்த உத்தியின் தொடர்ச்சியை, வேலூரில் பயின்ற ஜெயந்தரன் ராவ் பின்னர் ஐஐடி கான்பூரில் முன்னெடுத்தார். 2022இல் ஹீமோபிலியாவுக்கான ஏஏவி வழி மருந்துகள் மேற்கில் அனுமதி பெற்றன. வேறொரு காரணி குறையும் பி வகைக்கான ஹெம்ஜெனிக்ஸின் விலை அப்போது 35 லட்சம் டாலர். ஏணி என்று நினைப்பவர்களுக்கு இது உச்சிப்படி. ஆனால் இந்தியாவில் ஏஏவி3 என்ற வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் பெரும்பாலானோர் ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதை வேலூர் ஆய்வுகள் காட்டின. ஏஏவி போய்ச் சேர்வது கல்லீரலுக்கு. பழைய ரத்தப் பொருட்கள் வழியாக மஞ்சள்காமாலை வைரஸ்கள் தொற்றியவர்களுக்கு அது தகாமல் போகலாம். வளரும் குழந்தையின் கல்லீரல் பெருகும்போது ஒட்டாமல் நிற்கும் ஜீன் நீர்த்துப்போகும். எட்டாம் காரணிச் சிகிச்சையில் ஆண்டுக்கு ஆண்டு அளவு குறைவதும் தெரிந்தது.

ஆகவே அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் வேலூரின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேறு தோணியைத் தேர்ந்தது. அது எச்ஐவியிலிருந்து செய்த லென்டிவைரஸ். 1996இல் நால்டினி, ட்ரோனோ, இந்தர் வர்மா குழு இதை உருவாக்கியபோது கண்ட பெரும்பயன், பிரியாமல் உறங்கும் செல்லுக்குள்ளும் எச்ஐவி நுழையும் என்பது. எச்ஐவியின் ஒன்பது ஜீன்களில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றையும் தனித்தனி டிஎன்ஏ வளையங்களில் பிரித்துவைத்து, மாட்டு வைரஸ் ஒன்றின் மேலுறையைப் போர்த்துகிறார்கள். முழு வைரஸாக அது திரும்பச் சேர வழியில்லை. வேலூரில் நோயாளியின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, உடலுக்கு வெளியே பாத்திரத்தில் இந்த வெக்டரோடு சேர்த்து, மருந்தால் மஜ்ஜையைக் காலி செய்த பிறகு திரும்ப ஏற்றினார்கள். பாத்திரத்தில் நடப்பதால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் தடுக்க வராது. ஜீன் குரோமோசோமில் ஒட்டிவிடுவதால் செல் பிரிந்தாலும் நீர்த்துப்போகாது. 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து பேர். முதல் இருவருக்கு வெக்டர் மட்டும். காரணி அளவு இயல்பில் ஏறக்குறைய 5, 2 சதவீதம் என்று நின்றது. அடுத்த மூவருக்குச் செல்லுக்குள் வெக்டர் நுழைவதை எளிதாக்கும் பொருள் ஒன்றைப் பாத்திரத்தில் சேர்த்தார்கள். அளவு 19 முதல் 40 சதவீதம் வரை உயர்ந்தது. ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ஒரு ரத்தக்கசிவுகூட இல்லை என்று 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. மூன்றாமவருக்கும் முதலாமவருக்கும் இடையிலான அந்த வித்தியாசம், மேல்விஷாரத்துத் தீனியில் பார்த்த அதே வித்தியாசம்தான்.

வெக்டரின் வடிவமைப்பு எமோரி இருக்கும் அட்லாண்டாவில் நடந்தது, இதில் வேலூருடையது என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பன்றியின் காரணியிலிருந்து சில பகுதிகளை எடுத்துச் சேர்த்து அதிகம் சுரக்கவைத்த ஜீன் அங்கிருந்து வந்ததுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நோய்க்கு இந்த வெக்டர் என்ற தேர்வு, எதிர்ப்பொருள் ஆய்விலிருந்தும் முப்பதாண்டுக்கு மேலான மஜ்ஜைச் சிகிச்சை அனுபவத்திலிருந்தும் வந்தது. அந்த அனுபவம் இல்லாத ஊரில் இதே வெக்டர் ஆபத்து.

ஆபத்தைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. 1999இல் பிலடெல்பியாவில் அடினோவைரஸ் வெக்டரால் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தான். பாரிஸில் ரெட்ரோவைரஸ் வெக்டர் புற்றுநோய் ஜீன் அருகே ஒட்டியதால் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மூளைநோய் ஒன்றுக்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024இலேயே அறிக்கை வந்தது. அந்த வெக்டரில் எல்லாச் செல்லிலும் ஜீனை உரத்து இயக்கும் வைரஸ் விசை இருந்தது. வேலூர் வெக்டரில் சில ரத்த செல்களில் மட்டும் இயங்கும் மனித விசை இருக்கிறது. இந்த வேறுபாடு நம்பிக்கை தருகிறது, உத்தரவாதம் தரவில்லை. ஐந்து பேர் சிறிய எண்ணிக்கை. அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு எமிசிசுமாப் என்ற மருந்து. தோலுக்கடியில் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு ஊசி. ரத்தக்கசிவு பெருமளவு நின்றுவிடுகிறது. குளிர்பெட்டி இருக்கும் சுகாதார நிலையத்திலேயே போடலாம். என் அளவுகோலின்படியே அது மேலானது இல்லையா? இன்றைக்கு, பழவேற்காட்டில் இருக்கும் ஒரு நோயாளிக்கு, ஆம் என்றுதான் சொல்வேன். மஜ்ஜையைக் காலி செய்யும் மருந்து மலட்டுத்தன்மையும் கடும் தொற்றும் கொண்டுவரலாம், வேலூரில் பல வாரம் தங்கவேண்டும். ஆனால் ஆயுள் முழுக்க விலையுயர்ந்த ஊசி ஒன்று தடையின்றி வருவதை நம்பி இருப்பதும், அறுவை சிகிச்சையோ பெரிய காயமோ வந்தால் எட்டாம் காரணியைத் தேடி ஓடுவதும் தீர்ந்த கதை அல்ல. கொள்முதல் ஒரு மாதம் தவறினால் முதலில் பாதிக்கப்படுவது சாலையின் கடைசியில் இருப்பவர்.

இப்போது பல நாடுகளில் நடக்கும் அடுத்த முயற்சி, மஜ்ஜையைக் காலி செய்யாமல் வெக்டரை நேராக நரம்பில் ஏற்றி ஸ்டெம் செல்லைத் தேடிப் போகச் செய்வது. அது கைகூடினால் பல வாரத் தங்கல் வேண்டியிருக்காது. ஆனால் வெக்டர் மறுபடி ரத்தத்துக்குள் போகிறது; ரத்தத்தில் எந்த வைரஸின் நினைவு இருக்கிறது என்ற கேள்வியும் மறுபடி முன்னால் வருகிறது. ஊருக்கு ஊர், வயதுக்கு வயது அது மாறும். நகரத்து மருத்துவமனைக்கு வந்து போகிறவர்களின் ரத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. கடற்கரைக் குப்பங்களிலும் அங்குள்ளவர்களின் சம்மதத்தோடு ரத்தம் சோதித்து, எந்த மேலுறைக்கு எவ்வளவு எதிர்ப்பொருள் என்ற கணக்கை இப்போதே எடுத்துவைக்க வேண்டும். மேலுறை முடிவான பிறகு எடுத்தால் அது வெறும் அறிக்கையாகவே நிற்கும்.